தேதி இல்லாத கணக்கு

சித்தப்பா பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு கட்டைப்பையை இழுத்தெடுத்துக் கூடத்துத் தரையில் கவிழ்த்தார். யார் கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தபோது வந்த பையோ தெரியவில்லை, கைப்பிடி இற்றுப்போயிருந்தது. உள்ளேயிருந்து ஆயுள் காப்பீட்டுப் பாலிசிகள், ரப்பர் பேண்டு போட்ட ரசீதுக் கட்டு, நகைக்கடை மாதச்சீட்டு அட்டை, அடகு ரசீதுகள் நான்கு, தம்பியின் பைக் கடன் பத்திரம், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாம் விழுந்தன. கடைசியாக, மடித்த மடிப்பிலேயே மஞ்சளாகிப்போன ஒரு முத்திரைத்தாள். ஈமு கோழி ஒப்பந்தம், 2011-ஆம் வருடத்தது. அதை மட்டும் அவர் அவசரமாக எடுத்துப் பாலிசிகளுக்கு அடியில் சொருகினார். நானும் பார்க்காதவன்போல இருந்துவிட்டேன்.

சித்தப்பாவும் சித்தியும் விழுப்புரத்தில் இருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை; அறுபது முடிந்து ஓய்வு. பென்ஷன் தனி. மொத்தமாகக் கைக்கு வந்தது 28 லட்சம்.

ஓய்வுப் பணம் வந்த வீட்டை ஊர் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறது. இத்தனை வருடம் உட்காரச் சொல்லாத வங்கி அதிகாரி எழுந்து நின்று காபி வரவழைத்தாராம். திண்டிவனம் ரோட்டில் மனை இருக்கிறது என்று ஒருவர் காரோடு வந்தார். தூரத்து மருமகன் ஒருவர் கறிக்கோழிக் கடைக்குப் பங்கு கேட்டார். காப்பீட்டு முகவர் மூன்று தடவை. எல்லோரும் சித்தப்பாவிடம் சொன்னது ஒரே விஷயம்: இவ்வளவு போட்டால் இவ்வளவு வரும்.

அப்போது சித்தி சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "மொதல்ல பையில இருக்கறது என்ன ஏதுன்னு பாத்துடுப்பா. புதுசா போடறத அப்புறம் பேசிக்கலாம்."

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம். சித்தப்பா கணக்கில் சோடை போனவர் அல்ல. அலுவலகத்தில் பில் பிரிவில் இருந்தவர். ஒவ்வொரு தாளிலும் எவ்வளவு கட்டினார், எவ்வளவு வந்தது என்பது பைசா வரை மனப்பாடம். ஆனால் எந்தத் தேதியில் கட்டினார், எந்தத் தேதியில் வந்தது என்பதை ஒரு தாளுக்கும் அவர் சேர்த்துப் பார்த்ததில்லை. அவர் மட்டுமா? நம் வீடுகளில் பணத்தைப் பற்றி எடுத்த தவறான முடிவுகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் தொகை சரியாகத்தான் சொல்லப்பட்டிருக்கும். காலத்தைத்தான் யாரோ கையால் மறைத்திருப்பார்கள்.

பத்து கட்டி பதினெட்டு

சித்தப்பா முதலில் பெருமையாக எடுத்து நீட்டியது முதிர்வடைந்த பாலிசியின் கடிதம். "வருஷம் அம்பதாயிரம், இருவது வருஷம். பத்து லட்சம் கட்டுனேன், பதினெட்டு வந்துது. எட்டு லட்சம் லாபம்டா."

எட்டு லட்சம் உண்மைதான். ஆனால் முதல் 50,000 ரூபாய் இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்திடம் இருந்தது, கடைசி 50,000 ஒரு வருடம். தேதியோடு சேர்த்துக் கணக்கிட்டால் இந்தப் பணம் ஆண்டுக்கு ஐந்தேகால் சதவீதத்தை ஒட்டி வளர்ந்திருக்கிறது. அதே 50,000 ரூபாயை ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்கில் கட்டியிருந்தால்? அவர் கட்டத் தொடங்கிய காலத்தில் அதற்கு வட்டி 8 சதவீதம், 7.1-க்கு இறங்கியது 2020 ஏப்ரலில்தான். இறங்கிய 7.1-ஐயே இருபது வருடத்துக்கும் வைத்துக்கொண்டாலும் 22 லட்சம் தாண்டுகிறது. எட்டு லட்சம் லாபம் என்று அவர் நினைத்த இடத்தில் நான்கு லட்சம் குறைந்திருக்கிறது.

"ஆனா இதுல இன்சூரன்ஸ் இருக்கே?"

இருக்கிறது, 10 லட்சத்துக்கு. இடையில் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், இரண்டு பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்குப் பத்து லட்சமும் கொஞ்சம் போனஸும் வந்திருக்கும். எத்தனை வருடத்துக்குத் தாங்கும்? அதே வயதில் டெர்ம் பாலிசி எடுத்திருந்தால் இந்தப் பிரீமியத்தில் சிறு பங்குக்கே இதைப் போல் பல மடங்கு காப்பீடு கிடைத்திருக்கும். நம் ஊரில் அது விலைபோகாததற்குக் காரணம், உயிரோடு இருந்தால் ஒரு ரூபாயும் திரும்பி வராது என்பது. "செத்தாத்தான் பணம்னா அத எவன்டா வாங்குவான், வாய கழுவு" என்றார் சித்தப்பா. பைக்குக் கட்டும் காப்பீட்டை வண்டி மோதாமல் வருடம் முடிந்தால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. உயிர் என்றதும் கேட்கிறோம். அந்த இடத்தில்தான் முகவரின் பிழைப்பு இருக்கிறது. இந்த வகைப் பாலிசிகளில் முதல் வருடப் பிரீமியத்தில் கால் பங்குக்குக் குறையாமல் முகவருக்குப் போவது நெடுநாள் வழக்கம்.

இன்னொரு பாலிசியில் வாரிசுதாரர் என்று எழுதியிருந்த பெயர் சித்தப்பாவின் அம்மாவுடையது. பாட்டி இறந்து ஒன்பது வருடம். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பாலிசி, மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. சித்தி ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

இப்போது புதிதாக எடுப்பவர்களுக்குச் சில கதவுகள் திறந்திருக்கின்றன. பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்கலாம். 2024 அக்டோபர் முதல், ஒரு வருடப் பிரீமியம் கட்டி அந்த வருடம் முடிந்திருந்தாலே பாலிசியைக் கைவிடும்போது ஏதாவது ஒரு தொகை தர வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. முன்பெல்லாம் முதல் வருடத்தோடு நிறுத்தினால் கட்டியது முழுவதும் போய்விடும். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-இலிருந்து கிடையாது. வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை வாரிசுதாரராகக் குறிப்பிடலாம் என்பது அதே ஆண்டு நவம்பரில் வந்தது.

சித்தப்பாவின் போனிலேயே கூகுள் ஷீட்ஸ் திறந்து, ஒரு பத்தியில் தேதிகள், அடுத்த பத்தியில் தொகைகள், கட்டியதற்கு முன்னால் கழித்தல் குறி என்று போட்டுக் காட்டினேன். எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்ற சூத்திரத்தைத் தட்டினால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாக வந்துவிடும். பில் பிரிவுக்காரர் அல்லவா, ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி பதினொன்றரை மணி வரை கூடத்தில் விளக்கு எரிந்தது.

சித்தியின் சீட்டு

சித்தியின் சீட்டுக்குத் தாள் கிடையாது. "பக்கத்துத் தெரு அக்காதான்ப்பா புடிக்கிறாங்க. அதுக்கு எதுக்கு பேப்பரு." இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. முதல் மாதம் அக்காவுக்குத் தாய்ச்சீட்டு, அதாவது முழுத் தொகையும் சீட்டு நடத்துபவருக்கு. அடுத்த மாதத்திலிருந்து ஏலம். யார் அதிகம் தள்ளி எடுக்கிறாரோ அவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையில் அக்காவின் கமிஷன் 5,000 போக மிச்சம் இருபது பேருக்கும் கசராகப் பிரியும். அந்த மாதம் அவ்வளவு குறைத்துக் கட்டினால் போதும்.

போன சீட்டில் சித்தி இரண்டாம் மாதமே எடுத்தார். மகளுக்குப் பிரசவம், சிசேரியன் என்று சொல்லிவிட்டார்கள். 35,000 தள்ளி 65,000 வாங்கினார். மாதாமாதம் தள்ளு குறைந்துகொண்டே வந்து, கடைசி மாதம் கமிஷன் 5,000 மட்டும் கழித்து 95,000 எடுத்தவர் ஒரு தையல்காரர் மனைவி. இடையில் தள்ளு சீராக இறங்கியதாக வைத்துக்கொண்டால், கசர் போக ஒவ்வொருவரும் இருபது மாதத்தில் கட்டியது 85,750 ரூபாய்.

சித்தி 65,000 வாங்கி 85,750 கட்டினார். "இருவதாயிரத்து சொச்சம் போச்சு, போவுது, ஆத்தர அவசரத்துக்கு ஆச்சு" என்பதுதான் அவர் கணக்கு. தேதியைச் சேர்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அவர் மாதம் மூன்று வட்டிக்குச் சற்று மேலேயே கடன் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். ஆண்டுக்கு 40 சதவீதம்.

சித்தி நம்பவில்லை. "மூணு வட்டிக்கு வாங்கறவங்கள பாத்து இந்தத் தெருவே சிரிக்கும்ப்பா. நான் போய் வாங்குவனா?"

சீட்டில் வட்டி என்ற சொல்லே வருவதில்லை. தள்ளு, கசர், எடுப்பு எல்லாமே தொகைகள். வட்டிக்கடைக்காரரிடம் போனால் முதல் கேள்வியே "எத்தனை வட்டி" என்பதாக இருக்கும். ரங்கூனில் கொடுக்கல் வாங்கல் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் மாதாமாதம் கூடி அந்த மாதத்துக்கான நடப்பு வட்டியைக் குறித்துக்கொள்வார்கள். அதிலிருந்துதான் எல்லாக் கணக்கும் புறப்படும். நம் வீட்டுச் சீட்டில் அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

மறுபக்கம் தையல்காரர் மனைவி. அதே சீட்டு அவருக்கு ஆண்டுக்கு 13 சதவீதத்தை ஒட்டிக் கொடுத்திருக்கிறது. எந்த வங்கியும் தராத வட்டி. அக்கா ஓடிப்போகாத வரைக்கும் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, பதிவாளரின் அனுமதியில்லாமல் இப்படி ஒரு சீட்டு நடத்துவதே குற்றம். பதிவு செய்த சீட்டு என்றால் நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளர் பெயரில் கட்டியிருக்க வேண்டும். கமிஷனும் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2019 திருத்தத்துக்கு முன் அது 5 சதவீதமாக இருந்தது. பதிவு எண் கேட்பது அவமரியாதை என்று நம் பெண்கள் நினைக்கிறார்கள். அக்காவிடம் எப்படிக் கேட்பது?

சீட்டை நான் குறை சொல்ல வரவில்லை. சம்பளச் சீட்டும் அடமானமும் இல்லாத ஒரு பெண்ணுக்கு மறுநாளே 65,000 ரூபாய் கொடுக்க விழுப்புரத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? எனக்கு உறுத்தியது வேறு. சித்தி மூன்று வட்டிக்கு எடுத்த அதே மாதத்தில் சித்தப்பா பாலிசிக்கு 50,000 கட்டியிருக்கிறார், ரசீது இருக்கிறது. ஒரு கை ஐந்தேகால் சதவீதத்துக்கு உள்ளே போட்டுப் பூட்டியது, இன்னொரு கை நாற்பது சதவீதத்துக்கு வெளியே கடன் வாங்கியது. அந்த வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. அந்தத் தேதியில் இல்லை. ஆறு மாதச் செலவுக்கான தொகையை வங்கியில் சும்மா போட்டு வைக்கச் சொல்கிறார்களே, அது வட்டிக்காக அல்ல. இந்த இரண்டாம் மாத ஏலத்தில் போய் நிற்காமல் இருப்பதற்காக.

மாற்றி வைப்பது

அடகு ரசீதுகள் நான்கும் ஒரே நகைகளுக்கானவை என்பது புரியவே எனக்கு நேரமானது. ஆரமும் நான்கு வளையலும், எட்டு சவரன். 2019-இல் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்தது, ஒன்றரை லட்சத்துக்கு. வருடம் முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்தார்கள். அடுத்த வருடமும். தங்கம் ஏறியது. "மேல்பணம் வேணுமா சார்" என்று கேட்டார்கள். அதே நகைக்கு மேல்பணம் வாங்கிக் குளியலறை கட்டினார்கள். மறுபடி ஏறியது, மறுபடி மேல்பணம். இப்போது கடன் நாலரை லட்சம். வருடத்துக்கு 12 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 54,000 ரூபாய்.

தங்கம் விலை ஏறுவது நமக்கு லாபம் என்று ஒவ்வொரு அட்சய திருதியைக்கும் கேட்கிறோம். இந்த வீட்டில் தங்கம் ஏற ஏறக் கடன்தான் ஏறியிருக்கிறது. நகை கழுத்தில் இருந்ததே இல்லை. சித்தி கவரிங் போட்டுக்கொண்டு கல்யாணங்களுக்குப் போய்வந்திருக்கிறார்.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி நகைக்கடனுக்குப் புது விதிகள் போட்டது. 2026 ஏப்ரலுக்குள் எல்லோரும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது கெடு. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். 5 லட்சம் வரை 80. அதற்கு மேல் 75. மொத்தமாகக் கடைசியில் அடைக்கும் கடன் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. கடனை அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தராவிட்டால், தவறு அவர்களுடையதென்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

28 லட்சத்தில் முதல் வேலை நகையை மீட்பது என்று நான் சொன்னபோது சித்தப்பா முகம் சுருங்கியது. "வந்த பணத்த கடனுக்குக் கட்டிட்டா அப்புறம் எத முதலீடு பண்றது?" 12 சதவீதக் கடனை அடைப்பதும், வரியில்லாமல், ஆபத்தில்லாமல் 12 சதவீதம் சம்பாதிப்பதும் ஒன்றுதான். அப்படி ஒரு திட்டத்தை யாராவது கொண்டுவந்தால் நான் போலீசைக் கூப்பிடுவேன். இது மட்டும் உண்மையாகவே கிடைக்கிறது.

கிரெடிட் கார்டு அதைவிட அவசரம். 50,000 ரூபாய் பாக்கி, குறைந்தபட்சத் தொகை 2,500 கட்டி வந்திருக்கிறார் தம்பி. மாதம் மூன்றரை சதவீத வட்டி 1,750, அதற்கு ஜி.எஸ்.டி. 315. கட்டிய 2,500-இல் அசலுக்குப் போனது 435 ரூபாய். "கரெக்டா மாசாமாசம் கட்டிட்டுதான்ண்ணா இருக்கேன்" என்றான். கட்டிக்கொண்டுதான் இருந்தான்.

அவனுடைய பைக் கடனும் அப்படியே. ஒரு லட்சம், இரண்டு வருடம், "12 பர்சன்ட் ஃபிளாட்". வட்டி 24,000-ஐ முதலிலேயே சேர்த்து 24 தவணையாக வகுத்து மாதம் 5,167 ரூபாய். பன்னிரண்டாம் மாதம் அசலில் பாதியைக் கட்டி முடித்திருப்பான், ஆனால் வட்டி இன்னும் முழு லட்சத்துக்கே ஓடிக்கொண்டிருக்கும். உண்மை வட்டி ஆண்டுக்கு 21.6 சதவீதம். கோயம்பேட்டில் தண்டல் வாங்குகிற காய்கறிக்காரர் 9,000 கையில் வாங்கி நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டுகிறார். "ஆயிரம்தான் வட்டி" என்பார். அதுவும் ஆண்டுக்கு 78 சதவீதத்தை ஒட்டி ஆகிறது. 2024 அக்டோபர் முதல் வங்கியோ நிதி நிறுவனமோ எந்தத் தனிநபர் கடனுக்கும், எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு வட்டி வீதத்தை ஒரு தாளில் எழுதி, கையெழுத்துக்கு முன் தந்தாக வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் ஷோரூம் பையன்கள் கொஞ்சம் திகைப்பார்கள், பரவாயில்லை.

நகைக்கடை மாதச்சீட்டு ஏன் எப்போதும் பதினொரு மாதம் என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் கம்பெனிச் சட்டப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும், அதற்கு வேறு கட்டுப்பாடுகள். ஆகவே பதினொன்று. ஒரு தவணையை அவர்களே போடுகிறார்கள் என்றால் வட்டியாகப் பார்க்கும்போது மோசமில்லை, ஆண்டுக்கு 18 சதவீதம்கூட வரும். ஆனால் அதை ரூபாயாக வாங்க முடியாது. நகையாகத்தான். சேதாரம் என்ற ஒரே வரியில் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது. பேரம் பேசத் தெரிந்த சித்தி கையில் அது லாபம், என் கையில் நஷ்டம்.

927 கோடி

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட்டபின் சித்தப்பாவே அந்த முத்திரைத்தாளை எடுத்து வைத்தார்.

2012-இல் பெருந்துறை பக்கம் ஈமு பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, உரிமையாளர்கள் ஓடி, தீனியில்லாமல் நின்ற பறவைகளுக்குக் கால்நடைத் துறையினர் போய்த் தீனி போட்டது பலருக்கு நினைவிருக்கும். கொங்கு நாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்தேன். விழுப்புரத்திலிருந்தும் ஒன்றரை லட்சம் போயிருக்கிறது. "பறவைய நேர்ல போய் பாத்தேன்டா. ஆறடி ஒசரம். பேப்பர்ல காட்டி ஏமாத்தல."

தமிழ்நாடு இதில் பழம் தின்று கொட்டை போட்ட ஊர். 1906 அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியபோது ஓய்வூதியக்காரர்களும் சிறு சேமிப்பாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல். அந்த வீழ்ச்சியின் சூட்டில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அதற்குப் பின்னும் ஓயவில்லை. தேக்கு மரம், ஈமு, நாட்டுக்கோழி, தங்க நாணயம் என்று வேடம் மாறிக்கொண்டே வந்தது. 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று மாநிலம் தனிச் சட்டமே போட்டது. இருந்தும் 2022-இல் ஆருத்ரா நிதி மோசடி வழக்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல், 2,400 கோடி ரூபாய்க்கு மேல் என்று பொருளாதாரக் குற்றப்பிரிவு கணக்குச் சொன்னது.

இவர்களிடம் ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது சுலபம், எனக்கு அதில் உடன்பாடில்லை. சித்தப்பா பேராசைக்காரர் இல்லை. மாதம் 10 சதவீதம் என்று ஒருவர் சொன்னபோது அதைப் பத்து வருடத்துக்கு நீட்டிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நீட்டிப் பார்த்தோம். ஒரு லட்சத்தைப் போட்டு வரும் வட்டியையும் அதிலேயே போட்டால் ஐந்து வருடத்தில் 3 கோடி. பத்து வருடத்தில் 927 கோடி. போனைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பா நெடுநேரம் அந்த எண்ணைப் பார்த்தார். "தப்பா அடிச்சிட்டனா?" என்று கேட்டு மறுபடியும் அடித்தார். 927 கோடிதான்.

இப்படி ஒரு தொழில் தெரிந்தவன் உங்களிடம் ஒரு லட்சம் கேட்டு வாசலில் ஏன் நிற்க வேண்டும்?

தம்பியின் விஷயம் சிறியது, ஆனால் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. போனில் ஆப்ஷன் வாங்கி விற்கிறான். ஒரு நாள் 4,000 வந்ததைத்தான் சொல்கிறான். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு வர்த்தகத்தின் இந்தப் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று செபி கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. காட்டினேன். "நான் அந்த ஏழுல வருவேன்ண்ணா" என்றான்.

அதற்காகப் பங்குச் சந்தையே சூதாட்டம் என்கிற சித்தப்பாவோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. 2020 ஜனவரியில் 42,000-இல் இருந்து மார்ச்சில் 26,000-க்கு விழுந்தது, நவம்பரில் விட்ட இடத்தைப் பிடித்தது. அடுத்த வருடம் மகளுக்குக் கல்யாணம் என்று வைத்திருக்கும் பணத்துக்கு அந்த இடம் ஆகாது. பதினைந்து வருடம் கழித்துத் தேவைப்படும் பணத்துக்கு ஆகும். பாலும் பள்ளிக் கட்டணமும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் இரட்டிப்பாகும். அந்த ஓட்டத்துக்கு வைப்புநிதி ஈடுகொடுப்பதில்லை. இங்கும் காலம் ஒளிந்திருக்கிற ஓரிடம் உண்டு. மியூச்சுவல் ஃபண்டில் ஒரே திட்டத்தை முகவர் வழியாகவும் வாங்கலாம், 2013 முதல் நேரடியாகவும் வாங்கலாம். நேரடியில் கமிஷன் இல்லாததால் செலவு குறைவு. ஒரு சதவீத வித்தியாசம் என்று வையுங்கள். மாதம் 5,000 வீதம் இருபத்தைந்து வருடம், கட்டுவது 15 லட்சம். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 94 லட்சம், 11 வளர்ந்தால் 79 லட்சம். 12 வளரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் எப்படி வளர்ந்தாலும் அந்த ஒரு சதவீதம் கழிவது நிச்சயம்; இந்தக் கணக்கில் அது நீங்கள் கட்டிய அசல் அளவு.

கடைசியில் 28 லட்சம் இப்படிப் பிரிந்தது. நகைக்கும் கார்டுக்கும் 5 லட்சம். அவசரத்துக்கு 3 லட்சம் வங்கியில். வங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. 15 லட்சம் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். 2023 ஏப்ரல் முதல் தரும் 8.2 சதவீதப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 30,750 ரூபாய் வரும். மிச்சம் 5 லட்சத்தையும் ஒரு இன்டெக்ஸ் ஃபண்டில் சிறுகச் சிறுகப் போடலாம் என்றேன். இரண்டுக்குத்தான் சம்மதித்தார். மூன்று லட்சம் "மனசு ஒப்பற வரைக்கும்" வைப்புநிதியில் கிடக்கும். கிடக்கட்டும். ராத்திரி தூக்கம் வராத முதலீட்டை எந்தச் சூத்திரத்திலும் சேர்க்க முடியாது.

சித்தி சீட்டை விடவில்லை. இந்தத் தடவை கடைசி ஆளாக எடுக்கப் போகிறாராம். "பதிவு நம்பர் இல்லியே சித்தி" என்றேன். அக்காவின் மகன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது தான்தான் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். அதற்கும் பதிவு எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

பேருந்து நிலையம் வரை சித்தப்பா கூடவே வந்தார். ஈமு வழக்கு கோயம்புத்தூர் சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கிறது. சொத்துகளை ஏலம் விட்டுப் பிரித்துத் தருவார்கள் என்று கூடப் பணம் போட்ட யாரோ சொல்லியிருக்கிறார்கள். இதற்கு முன் நான்கு தடவை போய்வந்திருக்கிறார், எங்களில் யாருக்கும் தெரியாமல்.

"போய்ட்டு வர எப்படியும் ஆயிரம் ஆவுது. அடுத்த மாசம் ஒருவாட்டி வரச் சொல்றாங்க. வருமாடா?"

சென்னை பேருந்து வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தபின்னும் அவர் ஜன்னலுக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தார்.